ராஜா விரலும் ஆசாரி விரலும்

குமாரகிரி ராஜா கொண்டமருக்கு ஒரு துப்பாக்கி இருந்தது. வாய் வழியாகக் குண்டு போட்டு, கம்பியால் இடித்து இறக்குகிற ரகம். பெரிய குண்டு குறி தப்பாது. ஆனால் பாதிக் குழலிலேயே சிக்கிக்கொள்ளும், இடித்து இடித்து ராஜாவுக்குத் தோள் கழன்றுவிடும். சின்னக் குண்டு சுலபமாக இறங்கும். அது பன்றிக்குக் குறி வைத்தால் பனைமரத்தைத் தொடும்!

"சுலபமா இறங்கணும், குறியும் தப்பக்கூடாது. நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாட்டைவிட்டு ஓடு!" என்றார் ராஜா, துப்பாக்கி செய்த உலகநாத ஆசாரியிடம்.

ஆசாரிக்கு வழி தெரியும். சொல்லத்தான் பயம். ராஜ ஆயுதத்தில் கந்தையும் எண்ணெயும் படக்கூடாது என்று படைத்தலைவரான தளவாய் காதில் ஓதி, ராஜாவே கட்டளை போட்டிருந்தார். மீறிப் பேசினால் சவுக்கடி. பாவம், மனுஷன் அழுதுகொண்டே அரண்மனை விகடன் பிச்சாண்டி வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் சபையில் பிச்சாண்டி எழுந்தான். "மகாராஜா, பரிசை முதல்ல காட்டுங்க. ஆசாரிக்குப் புத்தி வேலை செய்யும்."

"இந்த மோதிரமே பரிசு!" என்று ராஜா விரலில் இருந்த மோதிரத்தை இழுத்தார். வரவில்லை. முறுக்கினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"மோதிரம் செஞ்ச தட்டானை நாடு கடத்திடலாமா?" என்றான் பிச்சாண்டி பவ்யமாக.

"அட போய்யா! எண்ணெய் கொண்டா!"

எண்ணெய் பட்டதும் மோதிரம் வழுக்கி வந்தது. ஆசாரியின் ஒல்லி விரலில் போட்டால் கழன்று கழன்று விழுந்தது. அவர் வேட்டி ஓரத்தைக் கிழித்து விரலில் சுற்றி மாட்டிக்கொண்டார். கச்சிதம்!

"இறுக்கத்துக்கு எண்ணெய், தொளதொளப்புக்குத் துணி. விரலுக்குக் கிடைச்ச பாக்கியம் துப்பாக்கிக்கு இல்லையே மகாராஜா!"

ராஜா பக்கத்தில் நின்ற தளவாயை ஒரு பார்வை பார்த்தார். கையை நீட்டி அவர் தலைப்பாகை நுனியைக் கிழித்தார். எண்ணெயில் தோய்த்து, சின்னக் குண்டைச் சுற்றித் துப்பாக்கிக் குழலில் வைத்து அழுத்தினார். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுட்டார். நூறடி தூரத்துப் பூசணிக்காய் தூள்!

ஆசாரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"இதை நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?" என்றார் ராஜா பிச்சாண்டியிடம்.

"நேத்து சொல்லியிருந்தா, ஆசாரிக்கு வழித்துணையா நானும் மூட்டை கட்டியிருப்பேன் மகாராஜா!"

ராஜா சிரித்த சிரிப்பில் தளவாயின் மீதித் தலைப்பாகையும் அவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்துப் பத்திரமாக மடித்தான் பிச்சாண்டி.

"இன்னும் ஐம்பது குண்டுக்கு ஆகும், மகாராஜா!"