பவுனம்மாளின் புகார்

பனையடிக்குளத்தில் அந்த ஆண்டு மனித உரிமை முகாம் நடந்தது. எட்டு நாடுகளிலிருந்து இருபது இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஊர்ச் சமுதாயக் கூடத்துக்குச் சக்கர வண்டி ஏறும் சாய்தளம் கட்டுவது அவர்களுடைய வேலை.

முகாமை நடத்தியவள் ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார் வைத்திலிங்கம். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஊரிலும் இப்படியொரு முகாம் நடத்த அவருக்கு ஆசை. அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

சாய்தளம் கட்டி, சிமெண்ட் காய்ந்த அன்று பிள்ளைகள் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“டீச்சர், தினமும் உரிமையைப் பத்திப் பேசினோம். இவங்களுக்குப் புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டார் வைத்திலிங்கம்.

ஜெசிந்தா போய் அந்த ஊர்ப் பவுனம்மாளை அழைத்து வந்தாள்.

பவுனம்மாளுக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு கால்களும் செயல்படாது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான். கிராம சபை கூடும்போதெல்லாம் தவறாமல் வருவார். படியேற முடியாமல் வாசலிலேயே இருந்துவிட்டுத் திரும்புவார்.

வண்டி சாய்தளத்தில் பாதி தூரம் ஏறியது. அதற்குமேல் கை சுற்றவில்லை. பவுனம்மாள் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். போலந்துப் பையன் தோமாஸ் தள்ளிவிட ஓடினான். ஜெசிந்தா கையை நீட்டித் தடுத்தாள்.

“நல்ல மனசோடதானே ஓடுறான், தள்ளட்டுமே” என்றார் வைத்திலிங்கம்.

“அவங்க உதவி கேட்டாங்களா சார்?”

பவுனம்மாள் வண்டியை மெதுவாகக் கீழே இறக்கி மூச்சு வாங்கினார். “ரொம்பச் செங்குத்தா இருக்கும்மா. நீளம் பத்தாது.”

கிராம சபைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

“இப்பத்தான் முடிச்சோம். இதை உடைக்கவா சொல்றீங்க?” என்றார் வைத்திலிங்கம்.

ஜெசிந்தா கடப்பாரையை எடுத்தாள். முதல் அடி அவளுடையது. அடுத்தது கென்யாப் பெண் வஞ்சிருவுடையது. தோமாஸ் சம்மட்டியோடு வந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற வைத்திலிங்கமும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

அடுத்த ஆறு நாளும் பவுனம்மாள் வெயிலில் கூடவே இருந்தார். “இன்னும் நாலடி தள்ளிப் போங்க” என்று கை காட்டுவார். பாஷை தெரியாத பிள்ளைகள் நாலடி தள்ளிப் போனார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை நாள். கூடம் நிறைய ஜனம். பவுனம்மாளின் வண்டி யார் கையும் படாமல் ஏறியது. நிலைப்படியைத் தாண்டி, நேராக ஊராட்சித் தலைவரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றது. பவுனம்மாள் கையைத் தூக்கினார்.

“செங்கல் லாரியை எங்க தெருவுக்குள்ள விட்டு, குடிதண்ணிக் குழாயை உடைச்சிட்டாங்க இந்த முகாம்காரங்க. பத்து நாளாச்சு. சரி பண்ணித் தரணும். தீர்மானத்துல எழுதுங்க.”

யாரோ வஞ்சிருவின் காதில் அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவள் துள்ளி எழுந்து கைதட்டினாள். இருபது பிள்ளைகளும் கைதட்டினார்கள். அப்புறம் ஊரே தட்டியது. தலைவர் பேனாவைத் திறந்தார்.

வைத்திலிங்கத்தின் முகம் மட்டும் சுண்டிப்போனது.

“என்ன டீச்சர் இது? நமக்கு ஒரு நன்றிகூட இல்லை. நம்ம மேலேயே புகார்!”

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது.

“நன்றி சொல்ல வாசலே போதும் சார். புகார் சொல்லத்தான் உள்ளே வரணும்.”