அணிலைப் பிடுங்கப் போன கை

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் நடுவில் யாரையும் ஏசக் கூடாது. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொன்னால் போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டப் போகிறவள் ஏசுவடியாள். ஐம்பது வயது, தனிக்கட்டை. செம்பன் என்று ஒரு கடுவன் பூனையை வளர்த்தாள். பொழுது சாய்ந்ததும் கதவைத் திறந்துவிடுவாள். அது தோட்டத்துக்குள் போய் எலி, ஓணான், குருவி என்று அகப்பட்டதைத் தின்றுவிட்டு விடியும்போது திரும்பும். காட்டில் நாயும் நரியும் திரிகின்றன, பூனையை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லாபாய் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பூனையை யாராவது அடைத்து வளர்ப்பார்களா என்று ஏசுவடியாள் சிரித்துவிட்டாள்.

சித்திரையில் ஒரு முறை செம்பன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கழுத்தில் பல் பதிந்த காயம் இருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசினாள். புண் ஆறி, மேலே மயிரும் முளைத்துவிட்டது. அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவிலுக்குப் போய் வந்த கையோடு ஏசுவடியாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியே செம்பன் ஒரு அணிலைக் கவ்விக்கொண்டு வந்தது. அணிலுக்கு உயிர் இருந்தது. கீச்சுக் கீச்சென்று கத்தியது. ஸ்டெல்லாபாயின் மகள் ஜெப்லினுக்கு நாலு வயது. அவள் ஓடிப்போய் அணிலைப் பிடுங்கப் பார்த்தாள். செம்பன் அவள் கையைக் கடித்துவிட்டது. உள்ளங்கையில் இரண்டு ஓட்டை, நல்ல இரத்தம்.

ஸ்டெல்லாபாய் ஓடி வந்தாள். பிள்ளையைத் தூக்கிக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, அது அலற அலறக் கால் மணி நேரம் கழுவினாள். மருந்தோ பச்சிலையோ எதையும் வைக்க விடாமல், ஆட்டோ பிடித்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

செம்பன் அணிலோடு ஏசுவடியாளின் காலிக் கோழிக்கூட்டுக்குள் நுழைந்தது. அவள் கூட்டின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சற்று நேரத்தில் செய்தி கேட்டு ஸ்டெல்லாபாயின் புருஷன் தாசையன் உலக்கையோடு வந்து நின்றான்.

"அக்கா, தள்ளுங்க."

அவள் கூட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லாபாய் தாசையனுக்குப் போன் செய்தாள். பூனையைக் கொல்லக் கூடாது, வெறிநோய் உண்டா என்று பத்து நாள் உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.  தாசையன் உலக்கையைச் சுவரில் சார்த்திவிட்டு, கூட்டின் கதவுக்கு முன்னால் ஒரு கல்லை உருட்டி வைத்து, வேறு பிள்ளைகள் வராதபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஏசுவடியாள் கம்பி இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். செம்பன் அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அணில் தின்னப்படாமல் கிடந்தது. பூனையின் வாயோரம் எச்சில் நூலாய்த் தொங்கியது. அவளுக்குக் கழுத்துக் காயம் ஞாபகம் வந்தது.  தாசையனிடம் சொன்னால் உலக்கை திரும்பவும் எழும்பும், இந்தத் தடவை யார் தலைமேல் விழும் என்று சொல்ல முடியாது. சொல்லாவிட்டால்? அதற்குமேல் நினைக்க அவளுக்குத் துணிவில்லை. ஆஸ்பத்திரியை நோக்கிச் சரிவில் இறங்கி நடந்தாள், பிறகு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டாகியிருந்தது. கடித்த இடத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும், அதற்கு இன்றே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டெல்லாபாய் தயங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வளர்கிற பூனை, அணிலைப் பிடுங்கியதால்தானே கடித்தது. பிள்ளை அழுது களைத்துவிட்டது. நாளை மறுநாள் போனால் ஆகாதா?

ஏசுவடியாள் வாசற்படியில் நின்றே ஸ்டெல்லாபாயிடம் சொல்லிவிட்டாள்.

"மக்களே, சித்திரையில அதுக்குக் கழுத்துல கடி பட்டிருந்தது. எது கடிச்சதுன்னு தெரியாது. நான் மறைச்சிட்டேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடுமேன்னு."

ஸ்டெல்லாபாய் அவளை ஏசவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே நகரத்துக்குப் போனாள். அன்றே அந்த மருந்தும் போட்டாயிற்று. பூனையின் காயத்தைத் தொட்டதால் ஏசுவடியாளுக்கும் ஊசி போட்டார்கள்.

மூன்றாம் நாள் செம்பன் கூட்டுக்குள்ளேயே செத்துப்போனது. அதற்குமுன் அது கம்பியைக் கடித்த சத்தம் கேட்டு, பக்கத்து வீடுகளில் கதவைத் திறக்கவே பயந்தார்கள். உடலைச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். வெறிநோய்தான் என்று முடிவு வந்தது. அந்த நோய் கண்ட மனிதருக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று ஏசுவடியாள் கேள்விப்பட்டிருந்தாள்.

ஜெப்லின் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டாள். காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. கடைசி ஊசி போட்ட அன்று மூவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசினார்கள். அக்கா வந்து சொன்ன சொல்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்றான் தாசையன். இல்லை, ஸ்டெல்லா கழுவிய கைதான் என்றாள் ஏசுவடியாள். இவர் ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பூனையை உயிரோடு விட்டாரே, அதனால்தானே அக்கா அதன் கோலத்தைப் பார்க்க முடிந்தது என்றாள் ஸ்டெல்லாபாய்.

கேட்டவர்களே, இந்த மூவரில் பிள்ளையின் உயிரைக் காத்தவர் யார்?

காத்தவள் ஸ்டெல்லாபாய். பூனைக்கு நோய் உண்டா இல்லையா என்று தெரிவதற்கு முன்னமே அவள் கழுவினாள், ஊசி போடவைத்தாள். தாசையன் செய்தது பெரிய அடக்கம்; ஆனால் போன் வந்திராவிட்டால் உலக்கை இறங்கியிருக்கும். ஏசுவடியாள் உண்மையைச் சொன்னது துணிச்சல்தான், அது இல்லாவிட்டால் மருந்து இரண்டு நாள் பிந்தியிருக்கும். ஆனாலும் மாலைதோறும் கதவைத் திறந்துவிட்டவள் அவளே, காயத்தை மறைத்தவளும் அவளே. இந்தத் தீர்ப்பை வேறு யாரும் சொல்லவில்லை, ஏசுவடியாளே சொன்னாள். நடந்து ஒரு வருஷமாகப் போகிறது. பிள்ளைக்கு இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றும் ஜெப்லின் தண்ணீர்ச் செம்பை எடுத்தால், அவள் ஒரு மடக்கு விழுங்கி முடிக்கும்வரை ஏசுவடியாள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்தபடி நிற்கிறாள்.