தங்கபுஷ்பத்தின் கைகள்

இதை எனக்கு முதலில் சொன்னது செல்வராணி மதினி. என் மூத்தவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வாரம், பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள். எல்லாம் அவள் வீட்டில் நடந்தது, அவள் கண்ணால் பார்த்தது. தங்கபுஷ்பம் என்பது அவள் மாமியார்.

“அம்மா, குருவானவரை எங்க வீட்டுக்கு வரவேண்டாம்னு சொல்லிருங்க.”

“ஏன் அக்கா?”

“திருவிருந்து எடுக்க எனக்குத் தகுதி இல்லை.”

தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டுதான் இதைச் சொன்னாளாம். கேட்டது திர்சா அம்மா. வீடு வீடாகப் போய் ஜெபிக்கிற சபை ஊழியக்காரி. தங்கபுஷ்பத்தைவிட வயதில் சின்னவர். ஆனாலும் தங்கபுஷ்பம் எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்கப் படித்தது அவரிடம்தான்.

அன்றைக்கு உயிர்த்த பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. கோயிலுக்கு வரமுடியாதவர்களுக்குக் குருவானவர் வீட்டுக்கே அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொண்டுவருகிற நாள்.

“தகுதி இல்லாம போற அளவுக்கு என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலை. அதான்மா குத்தம்.”

பண்டிகைக்கு முந்தின நாற்பது நாள் தபசான லெந்து நாட்கள் தொடங்கின வாரம், கோயில் ஜன்னலைத் துடைக்கும்போது ஸ்டூல் சரிந்து விழுந்தாள் தங்கபுஷ்பம். இரண்டு கையும் ஒடிந்தது. விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு.

“லெந்து பூரா ஒரு நாள் கோயிலைக் கூட்டலை. பீடத்துத் துணியைத் துவைக்கலை. சபையார் கூடிச் சாப்பிடுற அசனத்துக்கு ஒரு வெங்காயம் உரிச்சுக் கொடுக்கலை. இனிமே கை பழையபடி வராதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு.”

திர்சா அம்மா கட்டில் பக்கம் வந்தார்.

“போன வாரம் நெஞ்சைப் பிடிச்சுச்சு. இன்னும் எத்தனை நாளோ. ஆண்டவர்கிட்ட இந்தக் கையைத்தான் காட்டலாம்னு வச்சிருந்தேன். பாருங்க ஆண்டவரே, உங்களுக்குச் செஞ்சு செஞ்சு எப்படிக் காய்ச்சுப் போயிருக்குன்னு. இப்ப எதைக் காட்டி உள்ள போவேன்?”

“அத்தை, அப்படிப் பேசாதீங்க” என்றாள் செல்வராணி.

“நீ போய் அடுப்பைப் பாரு.”

“சரி அக்கா” என்றார் திர்சா அம்மா. “உங்களை அடக்கம் பண்ணும்போது கோயில் விளக்குமாறையும் பக்கத்துல வச்சிருவோம். கேட்டா அதைக் காட்டிருங்க.”

செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கபுஷ்பத்துக்கு வரவில்லை.

“கேலி பண்ணாதீங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

திர்சா அம்மா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நேத்துப் பெரிய வெள்ளி ஆராதனை இங்க கேட்டுச்சா?”

“மைக் சத்தம் கேட்காம இருக்குமா? சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையையும் படுத்துக்கிட்டே கேட்டேன்.”

“இரண்டாம் வார்த்தை யாருக்குச் சொன்னாரு?”

“ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகிட்ட கேட்கிற மாதிரில்லா கேட்கீங்க. பக்கத்துச் சிலுவையில தொங்கின கள்ளனுக்கு.”

“என்ன சொன்னாரு?”

“இன்னைக்கே நீ என்கூடப் பரதீசுல இருப்பேன்னு.”

“அவன் ஆண்டவருக்கு என்ன செஞ்சிருந்தான்?”

“அவனா? ஊரைக் கொள்ளையடிச்சான். கடைசியில, ஆண்டவரே என்னை நினைச்சுக்கோங்கன்னு கேட்டான். அவ்வளவுதான்.”

“கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டானாக்கும்?”

“பின்னே?”

“ஆண்டவர் தாகமா இருக்குன்னு சொன்னாரே. ஒரு வாய் தண்ணியாவது மொண்டு கொடுத்திருக்கலாம்.”

தங்கபுஷ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது. படுத்திருந்தவள் திரும்பினாள்.

“என்னம்மா பேசுதீங்க? எப்படிக் கொடுப்பான்? அவன் கை ரெண்டும் ஆணியில…”

அதோடு நின்றுவிட்டாள்.

வயிற்றின்மேல் கிடந்த இரண்டு மாவுக்கட்டையும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் ஒரு பிரசங்கமே செய்திருப்பார்கள். திர்சா அம்மா அவள் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். கலைந்து கிடந்த முடியைக் கோதிக் கொண்டை போட்டுவிட்டார்.

வாசலில் குருவானவர் சத்தம்.

“தோத்திரம்மா. உள்ள வரலாமா?”

செல்வராணி மாமியாரைப் பார்த்தாள்.

“என்ன பார்த்துக்கிட்டு நிக்கே? ஐயாவை வரச்சொல்லு. முதல்ல என்னைத் தூக்கி உட்கார வை.”

ஜெபம் முடிந்தது. குருவானவர் அப்பத்தோடு கட்டில் பக்கம் வந்தார். வழக்கமாகச் சொல்கிறதுதானே, வாயில் வந்துவிட்டது.

“கையை நீட்டுங்கம்மா.”

சொன்ன பிறகுதான் கட்டைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

“மன்னிச்சுக்கோங்கம்மா. மறந்துட்டேன்.”

“கை எதுக்கு ஐயா?” என்றாள் தங்கபுஷ்பம்.

வாயைத் திறந்தாள்.

இதைக் கேட்ட நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில், கோயிலுக்கு வரமுடியாமல் படுத்திருக்கிற யாராவது ஒருவர் பேரை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குருவானவரிடம் சொல்லிவிடுங்கள்.