நாற்பத்தொரு கடிதங்கள்

“கட்டுரையை வாபஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு மேடம். இன்னும் எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கு. இதை எப்படி நிறுத்தறது?” என்று கேட்டார் டாக்டர் செந்தூர்பாண்டியன்.

ஹபீபா மேடம் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எவ்வளவு ஏறியிருக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

“உட்காருங்க.”

அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் பிரிவுக்கு ஹபீபாதான் தலைவர். செந்தூர்பாண்டியனைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் ஓர் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்று இருபது வருடங்களுக்கு முன் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர். அதனால் அன்றும் மேடம், இன்றும் மேடம்.

ஹபீபா எழுதியவை மொத்தம் ஒன்பது கட்டுரைகள். விரல்விட்டு எண்ணினால் ஒரு விரல் மிஞ்சும். ஆனால் கட்டுரையில் சிக்கல் என்று வந்துவிட்டால், நூறு எழுதியவரும் இருநூறு எழுதியவரும் இந்த அறைக்குத்தான் வருவார்கள்.

செந்தூர்பாண்டியன் இருநூற்றுப் பதினாறு எழுதியவர்.

அவற்றில் ஒன்றுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. குழந்தைகளுக்கு வரும் ஒரு கடுமையான காய்ச்சலுக்கு, வழக்கமான மருந்தையே இருமடங்கு கொடுத்தால் பாதி நாளில் குணமாகும் என்றது அந்தக் கட்டுரை. அறுநூறு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். ஒவ்வொரு மேற்கோளும் இணையத்தில் அவர் பெயருக்குக் கீழே ஓர் எண்ணாக ஏறும். காலையில் காபி ஆறுவதற்குள் அந்த எண்ணைப் பார்த்துவிடுவது அவர் வழக்கம். ஏறியிருந்தால் அன்று வீட்டில் எல்லாரிடமும் நல்ல முகம் காட்டுவார்.

பிறகு ஒருநாள் பழைய இரத்த மாதிரிகளைச் சரிபார்த்தபோது, மாதிரிக் குழாய்கள் வைத்த இரண்டு அடுக்குகள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. சீக்கிரம் குணமானவர்கள் வழக்கமான அளவு பெற்ற குழந்தைகள். இருமடங்கால் ஒரு நன்மையும் இல்லை. காது கேட்காமல் போகும் ஆபத்து மட்டும் உண்டு.

வேறு யாருக்கும் தெரியாது. மூடி மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. அதை வெளியிட்ட இதழுக்குத் தானே எழுதிக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டார். வரவேண்டிய ஒரு விருது கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போனது. மனுஷன் நேர்மையானவர் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் எண் நிற்கவில்லை.

போன வாரம் ஒரு மாவட்ட மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. எதிலோ படித்ததை நம்பி, நாலு வயதுப் பெண் குழந்தைக்கு இருமடங்கு மருந்து கொடுத்துவிட்டதாக ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். காய்ச்சல் போய்விட்டது. குழந்தை இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அன்றிலிருந்து செந்தூர்பாண்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த குழந்தை எந்த ஊரில் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

“யாரு இந்த நாப்பத்தொரு பேரும்?” என்று கேட்டார் ஹபீபா மேடம்.

“யாரா இருந்தா என்ன மேடம்? எல்லாம் ஈயடிச்சான் காப்பி. வாபஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. திறந்து பார்த்தாத்தானே தெரியும்? ஒருத்தர் எழுதினதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதறாங்க.”

“நீங்க அந்த நாப்பத்தொண்ணையும் படிச்சீங்களா?”

அவர் எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார்.

மேடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மேசைமேல் ஒரு கட்டு தாள் இருந்தது. நாற்பத்தொரு தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண், வெளியான வருடம், ஒரே ஒரு பத்தி. வாபஸான கட்டுரையை யாரோ மேற்கோள் காட்டிய பத்தி. எழுதியவர் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை.

“ஒவ்வொருத்தருக்கும் ஒரு கடிதம் எழுதுங்க. கையால எழுதுங்க. விலாசம் நான் எழுதி அனுப்பறேன்.”

“பேர் தெரியாம எப்படி மேடம் எழுதறது?”

“பேர் தெரிஞ்சா ஆள் பார்த்து எழுதுவீங்க.”

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. மருந்து ஆய்வில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து போகிறது என்பதை வைத்தியம் பார்ப்பவரிடமே மறைத்துவிடுவார்கள். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். இந்தப் பாடத்தை அவரே எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறார்.

முதல் கடிதம் ஒரு பக்கம் வந்தது. அதில் முக்கால் பக்கம் கோபம். கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேடம் நிதானமாகப் படித்தார்.

“இதுல அவங்களை என்ன செய்யச் சொல்றீங்க?”

“திருத்தச் சொல்றேன்.”

“எந்த வரியில?”

அவர் வாங்கித் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு வரி இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இரண்டாவது முறை எழுதும்போது பத்தியை முழுதாகப் படிக்கவேண்டி வந்தது. எது தவறு, எங்கே திருத்த வேண்டும், எத்தனை நாளைக்குள் பதில் வேண்டும் என்று எழுதினார். பதினைந்து நாள் கெடு கொடுத்தார். அந்தக் கடிதம் போனது.

ஐந்தாவது தாளைப் படித்தபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘இந்தக் கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டது, இதை நம்பி இருமடங்கு கொடுக்க வேண்டாம்’ என்று எச்சரிப்பதற்காகவே அந்த ஆள் மேற்கோள் காட்டியிருந்தார். இப்படி ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரையும் ஈயடிச்சான் காப்பி என்று சொல்லியாகிவிட்டது. அவர்களுக்கு நன்றி சொல்லி எழுதினார்.

மற்றவர்கள் பெரும்பாலும் பாவப்பட்டவர்களாகத் தெரிந்தார்கள். எங்கோ கேள்விப்பட்டதைத் தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதியிருந்தார்கள். ‘சிலர் கூறுகின்றனர்’ என்று ஒருவர். ‘மேலும் ஆய்வு தேவை’ என்று இன்னொருவர். கடிதம் எழுத எழுத அவருடைய கோபம் தணிந்துகொண்டே வந்தது. நாளுக்கு நாலு கடிதம் என்று போய்க்கொண்டிருந்தது. ராத்தூக்கம்கூடக் கொஞ்சம் திரும்பியது.

முப்பத்திநாலாவது தாள் எல்லாவற்றையும் கெடுத்தது.

அதில் தயக்கமே இல்லை. நல்ல நடை, நிமிர்ந்த வாக்கியங்கள். ‘இருமடங்கு அளவின் பலன் இனி விவாதத்துக்குரியது அல்ல. வார்டுகளில் இதைப் பின்பற்ற மருத்துவர்கள் தயங்க வேண்டியதில்லை.’

செந்தூர்பாண்டியனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

‘நீங்கள் இதை எழுதியபோது அந்தக் கட்டுரை வாபஸாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். விஷயம் தெரியாதவர்கள்கூடத் தயங்கித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் தயங்கவில்லை. படிக்கிறவரையும் தயங்காதே என்கிறீர்கள். கூப்பிட்டால் திரும்பாத ஒரு குழந்தையை எனக்குத் தெரியும். அதன் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வது? இந்தப் பத்தியை எப்படித் திருத்தப்போகிறீர்கள் என்று பதினைந்து நாளில் எனக்கு எழுதுங்கள். உங்கள் மாணவர்மேலோ உதவியாளர்மேலோ பழியைப் போட வேண்டாம். பெயர் யாருடையதோ, பத்தியும் அவருடையதுதான்.’

தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மேடத்திடம் கொண்டுபோனார்.

ஹபீபா மேடம் இரண்டு முறை படித்தார்.

“எதையாவது குறைக்கணுமா?”

“ஒரு வார்த்தைகூடக் குறைக்க மாட்டேன் மேடம்.”

மேடம் தலையசைத்தார். உறையில் போட்டு ஒட்டி, விலாசம் எழுதி, தபால் தட்டில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை செந்தூர்பாண்டியனுடைய மேசையில் தபால்கள் கிடந்தன. ஒரு கருத்தரங்க அழைப்பு, ஒரு சுற்றறிக்கை, ஒரு கடித உறை. உறையைப் பிரித்ததும் உள்ளே தன் கையெழுத்தே இருப்பதைப் பார்த்தார். முப்பத்திநாலாம் எண் கடிதம். யாரும் வாங்காமல் திரும்பிவிட்டது என்று நினைத்து உறையைப் புரட்டினார். முன்பக்கம் மேடத்தின் கையெழுத்தில் அவருடைய பெயர், பதவி, அறை எண்.

கடிதத்தோடு நேராக ஹபீபா மேடத்தின் அறைக்குப் போனார்.

“விலாசம் மாறிப்போச்சு மேடம். எனக்கே வந்துடுச்சு.”

மேடம் எழுந்து அலமாரியிலிருந்து கனமான ஒரு புத்தகத்தை எடுத்தார். குழந்தை மருத்துவர்களுக்கான சிகிச்சைக் கையேடு. இரண்டு வருடங்களுக்கு முன் வந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

அந்தப் பத்தி அங்கே இருந்தது. நிமிர்ந்த வாக்கியங்கள். தயக்கமே இல்லை.

அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போனார். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. செந்தூர்பாண்டியன்.

இப்போது ஞாபகம் வந்தது. பதிப்பகம் அவசரப்படுத்தியது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவருடைய பழைய கட்டுரைகளிலிருந்து பத்திகளை எடுத்துத் தைத்து அத்தியாயமாக அனுப்பினாள். விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, அனுப்பிவிடு என்று சொன்னார். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இருநூற்றுப் பதினாறில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தக் கையேடு எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் போயிருந்தது.

நின்றுகொண்டே இருந்தார். மேடம் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“பதில் எழுத எத்தனை நாள் கொடுத்திருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“பதினஞ்சு.”

“வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கு. இன்னும் பதினொண்ணு இருக்கு.”