மூன்றாவது கோப்பை

அந்தக் கோத்தகிரித் தோட்டத்தில் வெள்ளைத் தேயிலை இரண்டே தரம்: மொட்டும் இலையும் கலந்தது ஒன்று, வெறும் மொட்டு மட்டுமான உசத்தி ஒன்று. புது மேனேஜர் சாந்தப்பனுக்கு இரண்டும் போதவில்லை. விருந்தாளிகள் முன்னால் முதல் கோப்பையை உறிஞ்சித் துப்பினார். “இலை வாடை.” உசத்தியையும் துப்பினார். “இதைவிட மென்மையா கொண்டா. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

தேநீர் ஊற்றும் லிங்கம்மா உள்ளே போய் மூன்றாவது கோப்பையோடு வந்தாள்.

சாந்தப்பன் கண்ணை மூடி உறிஞ்சினார். துப்பக்கூட மனசு வரவில்லை, விழுங்கிவிட்டார். “இதுதான் தரம். பனி வாசம் வருது பாருங்க. இதுக்கெல்லாம் நாக்கு வேணும்” என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு, “எந்தச் சரிவுல பறிச்சது?” என்றார்.

“வெந்நீர்ங்க தொரை. சூடு சரியா இருக்கான்னு கேக்கத்தான் கொண்டாந்தேன். மொட்டு இனிமேத்தான் போடணும்.”