கை நனைக்கும் விருந்து

"நாளைக்குச் சாப்பிட்டா என் உசுரு போயிரும் சாமி. சாப்பிடலைன்னா என் மக கல்யாணம் போயிரும்."

வந்ததும் வராததுமாக இப்படிச் சொல்லிவிட்டுச் சென்னியப்பன் தரையில் உட்கார்ந்தார். வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக வரித்துக்கொண்ட சடையப்ப சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சங்கதி இதுதான். சென்னியப்பனுக்குக் குடலில் புண். போன ஐப்பசியில் ரத்தமாக வாந்தியெடுத்து, பிழைத்ததே பெரும்பாடு. காரம், புளி, எண்ணெய் எதையும் தொடக்கூடாது, குழைந்த சோறும் மோரும்தான் என்று வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நாளைக்கோ மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கிற விருந்து. பெண்ணைப் பெற்றவன் அந்த வீட்டு இலையில் சாப்பிட்டு எழுந்தால்தான் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம். முன்னால் போனால் முட்டுது, பின்னால் வந்தால் உதைக்குது!

வயிற்றுப் புண் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றார் சாமி.

"சீக்காளி வீட்டுப் பொண்ணும்பாங்க சாமி. ரெண்டு இடம் அப்படித்தான் தட்டிப்போச்சு."

ஒரு நாளைக்குத் தாங்கும்படி மூலிகை கிடைக்குமா என்று கேட்டார். இல்லாவிட்டால், சாமி விரதம் இருக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்லிக்கொள்ளட்டுமா என்று கெஞ்சினார்.

சாமி கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய் இலை கொண்டுவந்து போட்டார். சோறு வைத்து, மிளகாய் அரைத்துவிட்ட புளிக்குழம்பைச் சிவக்கச் சிவக்க ஊற்றினார்.

"சாப்பிடுங்க."

குரு தன் கையால் போட்டதை எப்படித் தள்ளுவது? சென்னியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. பிசைந்தார். ஒரு கவளம் உருட்டி எடுத்தார். சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

உதட்டில் படப்போகும் நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதைத் தின்னு நீங்க செத்தா, பாவம் யாருக்கு?"

"தெரிஞ்சே போட்டீங்க. உங்களுக்குத்தான் சாமி." பயத்தோடு கோபமும் வந்துவிட்டது அவருக்கு.

"நாளைக்குப் போடறவருக்குத் தெரியாதே. அப்போ யாருக்கு?"

சென்னியப்பன் கவளத்தை இலையிலேயே வைத்தார்.

மறுநாள் பந்தி நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து தானே பரிமாறினார். அதிகம் பேசாத மனிதர், மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் பேர். பெண்ணைப் பெற்றவர் முதல் கவளம் எடுக்காமல் யாரும் தொடக்கூடாது. எல்லோரும் சென்னியப்பனின் கையையே பார்த்தார்கள்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் குடல்ல புண்ணுங்க. இதெல்லாம் எனக்கு ஆகாது. மொதல்லயே சொல்லியிருக்கோணும், பயந்து மறைச்சுட்டேன். எம் பொண்ணுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. கொடுக்க எனக்கு மனசு நெறைய இருக்குதுங்க."

நாச்சிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். குனிந்தார். சென்னியப்பன் முன்னால் கிடந்த இலையைச் சோறும் குழம்புமாக அப்படியே வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போட்ட இலையை எடுப்பதா! அதற்கு மேல் ஓர் அவமானம் அந்தப் பக்கத்தில் கிடையாது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் சென்னியப்பன். மகளிடம் என்ன சொல்வது? எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

நாச்சிமுத்து திரும்பி வந்தார். ஒரு கையில் புது இலை. இன்னொரு கையில் கிண்ணம். அதில் மோர் விட்டுக் குழையப் பிசைந்த சோறு. பிசைந்த விரல்களை அவர் இன்னும் கழுவவில்லை.

இலையை விரித்துவிட்டுக் கேட்டார்.

"உப்புப் போடலாமுங்களா, சம்பந்தி?"