உலகம்மாளுக்கு ஒரு மவுஸ்

"சாமி, இந்த மவுஸ் சமாச்சாரம் என்னால முடியல" என்றார் ஆவுடையப்பன்.

சாமி கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். இன்னும் நாற்பதைத் தொடாதவர். ஆவுடையப்பனோ பேங்க் வேலையில் ஓய்வு பெற்று, தென்காசிப் பக்கத்து இந்தச் சின்ன ஆசிரமத்துக்குச் சீடராக வந்தவர். அதனால் குருவே சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன முடியல அண்ணாச்சி?"

"வயர் இல்லாததா, எண்ணூறு ரூபாய்க்குள்ள வாங்கச் சொன்னீங்க. நெட்டுல பாத்தா ஒருத்தன் பேட்டரி வருஷக்கணக்கா நிக்கும்ங்கான். அடுத்தவன் ஒரே மாசத்துல செத்துப்போச்சுங்கான். யாரைத்தான் நம்ப?"

"மவுஸ் யாருக்கு?"

"நம்ம உலகம்மாளுக்கு."

"அவங்களைப் பாத்தீங்களா?"

"தினமும் பாக்கேன். பக்கத்து மேசைதான சாமி."

"பாத்துட்டு வாங்க" என்று சாமி வேட்டியை உதறிக் காயப்போட்டார்.

உலகம்மாள் சாமியின் பேச்சுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் புத்தகமாக்குகிறவள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்த வேலை. இப்போது வலது மணிக்கட்டு வீங்கிப்போய்த் துணி சுற்றியிருந்தாள். வலி இப்படியே இருந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கு என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆவுடையப்பன் போய்ப் பார்த்தார். வீக்கத்தைப் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தார்.

டவுனில் கடைக்காரர் முதலில் ஒரு சாதாரண மவுஸை எடுத்துக் காட்டினார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும் சார். விலையும் கம்மி."

ஆவுடையப்பன் அதைத் தொடவே இல்லை. மணிக்கட்டு நோகாமல் இருக்க, வலது கைக்கென்றே வளைத்துச் செய்த மவுஸைக் கேட்டு வாங்கினார். பட்டனை அமுக்கினால் சத்தமும் வராது. எண்ணூறுக்குள் முடித்துவிட்டு, பெண்ணுக்கு நல்ல இடம் பார்த்துவிட்ட தகப்பன் மாதிரி பஸ் ஏறினார்.

பழைய மவுஸின் வயர் குட்டை. மேசையின் வலது பக்கத்தைத் தாண்டி வராது. அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் புதியதை வைத்தார்.

வலி குறையவில்லை. உலகம்மாள் சேலைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் நேரே சாமியிடம் போனார்.

"இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடையாது சாமி. எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சுட்டேன். இனி நான் என்ன செய்ய?"

"சாப்பிட வாங்க."

"பசி இல்ல சாமி."

"வாங்க. இந்த ஒரு வேளை இடது கையால சாப்பிடுங்க."

"பந்தியிலயா?"

"பந்தியிலதான்."

குரு சொன்னால் சொன்னதுதான். ஆவுடையப்பன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையை இலையில் வைத்தார். எதிர் வரிசை மொத்தமும் அவரையே பார்த்தது. சாம்பார் முழங்கைக்கு ஓடியது. சோறு வாய்க்குப் போகாமல் வேட்டிக்குப் போனது. விரலெல்லாம் இழுத்துப் பிடித்து வலித்தது. அவமானம் தாங்கவில்லை.

பக்கத்து இலையில் இருந்த உலகம்மாள் சிரித்துவிட்டாள்.

"சோத்தைத் துரத்தாதீங்க அண்ணாச்சி. கம்மியா எடுங்க. விரலை விறைக்காதீங்க. பழகாத கைக்கு அப்பிடித்தான் வலிக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பீச்சாங்கைக்காரின்னு எங்கம்மா அகப்பையாலயே அடிச்சுல்லா என் வலது கையைப் பழக்குனா. இப்பவும் தேங்கா துருவ, தண்ணி கோர எல்லாம் எனக்கு இந்தக் கைதான்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஆவுடையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். பக்கத்து மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அப்ப மவுஸை மட்டும் ஏம்மா வலது கையில பிடிக்கே?"

உலகம்மாள் அவரை அதிசயமாகப் பார்த்தாள்.

"நீங்க அந்தப் பக்கந்தான வச்சீங்க அண்ணாச்சி."